கதவு சாத்தியதும் படம் முடிந்தது

ஜெர்மனியில், பீலெஃபெல்ட் நகரில் நாங்கள் இருந்த மாடிக் கட்டடத்துக்குக் கீழே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சின்ன நிலவறை உண்டு. கெல்லர் என்று சொல்வோம். மற்றவர்கள் சைக்கிளும் பழைய மெத்தையும் போட்டு வைத்திருந்த அந்த இடத்தில், நான் ஒரு கொம்பியூட்டரை வைத்துக்கொண்டு கலியாண வீடியோ வெட்டி ஒட்டினேன். கிழமை நாட்களில் தொழிற்சாலை வேலை. சனி, ஞாயிறுகளில் கலியாணம், பெண்பிள்ளைகள் பெரியபிள்ளையாகும் சாமத்திய வீடு, பிள்ளைகள் கோவிலில் எடுக்கும் முதல் நன்மை என்று எங்கே கூப்பிட்டாலும் கமராவைத் தூக்கிக்கொண்டு போவேன். நாங்கள் விட்டுவந்த ஊரில் போர்நிறுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. சனங்கள் கொஞ்சம் மூச்சு விட்டார்கள், கலியாணங்கள் பெருகின.

ஒரு நாள் பின்னேரம் தாலி கட்டும் காட்சியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கெட்டிமேளம் எழும் இடமும் முடிச்சு விழும் இடமும் பொருந்த மறுத்தன. திரும்பத் திரும்ப அதையே ஓட்டினேன். கதவில் தட்டுச் சத்தம். திறந்தால், மூன்றாம் மாடியில் தனியாக இருக்கும் மனிசி. குள்ளமான உருவம், கட்டையாக வெட்டிய வெள்ளை மயிர், ஆண்கள் போடுகிற மாதிரி ஒரு நீளமான சாம்பல் கோட்டு.

"மத்தியானத்திலை இருந்து ஒரே மேளம். ஒண்டில் அதை வைச்சுக்கொள்ளும், இல்லாட்டித் தூக்கி எறியும். ரெண்டுக்கும் நடுவிலை நிண்டு எங்களைக் கொல்லாதையும்."

அவர் சொன்னது ஜெர்மனில். அதுவும் இங்கே யாரும் இப்போது பேசாத, அவருடைய தாயின் காலத்து ஜெர்மன். என்னுடையது தொழிற்சாலையில் பொறுக்கிய ஜெர்மன். எங்கள் இருவர் பேச்சையும் கேட்டு ஜெர்மன்காரர் சிரிப்பார்கள். எங்களுக்குள் எல்லாம் விளங்கியது. அவர் குரல் என் காதில் எங்கள் பேச்சாகவே தங்கிவிட்டது. அப்படியே எழுதுகிறேன்.

நான் மன்னிப்புக் கேட்டு ஒலியைக் குறைத்தேன். அவர் போகவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நானும் உந்த வேலைதான் செய்தனான்."

"கலியாண வீடுகளிலையோ?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "இல்லை. சினிமாவிலை. நான் இயக்குநர்."

நம்பவில்லை என்பதை இப்போது சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. அகதியாக வந்த எல்லோரும் அங்கே ஏதோ ஒன்றாக இருந்தவர்கள்தான். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் பள்ளிக்கூட அதிபர்கள், மிச்சப் பேர் வங்கி மனேஜர்கள். சோவியத் பக்கத்திலிருந்து வந்தவர்களில் எல்லோரும் பியானோக்காரர்கள். ஆனால் அடுத்த நாள் அவர் ஒரு வீடியோ கசெற்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். மொஸ்கோத் தொலைக்காட்சியில் போனபோது வீட்டில் பதிந்தது. அவருடைய ஒரே கதைப்படம். அதை டிவிடி ஆக்கவேண்டும்.

"ஒரு வேலை இருக்கு. கடைசியிலை ஒரு மனிசி கதவைச் சாத்துவா. அதோடை நிப்பாட்டிப்போடும். அதுக்குப் பிறகு வாறது ஒண்டும் என்ரை இல்லை."

"அப்ப ஆரின்ரை?"

"அரசாங்கத்தின்ரை."

பிறகு பல பின்னேரங்களில் அவர் கீழே வந்து, ஒரு கவிழ்த்த பியர்ப் பெட்டியில் உட்கார்ந்து, கதையைத் துண்டு துண்டாகச் சொன்னார். அவர் வோல்கா நதிக்கரையில் ஒரு ஜெர்மன் கிராமத்தில் பிறந்தவர். பல தலைமுறைக்கு முன் அங்கே போய்க் குடியேறிய விவசாயிகளின் வழி. யுத்தம் வந்ததும், ஜெர்மன் பேசுகிறவர்கள் எதிரிக்கு உளவு சொல்வார்கள் என்று அரசு அவர்கள் அத்தனை பேரையும் மாடு ஏற்றும் ரயில் பெட்டிகளில் ஏற்றி கசகஸ்தானுக்கு அனுப்பியது. அப்போது அவர் பள்ளிக்கூடம் போகத் தொடங்காத பிள்ளை. தகப்பனைக் கட்டாய வேலைக்கென்று வேறாகக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவில்லை. தாய்க்கு வெட்டவெளியில் ஒரு சின்ன ரயில் நிலையத்தில் வேலை. நீராவி எஞ்சின்களுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுக்க வேண்டும். அனுமதியில்லாமல் பக்கத்து ஊருக்குப் போனாலும் சிறை.

அந்த நிலையத்துக்கு எப்போதாவது ஒரு லொறியில் படம் காட்ட வருவார்களாம். அங்கேதான் சினிமாவில் ஆசை பிறந்ததா என்று கேட்டேன்.

"இல்லை. குளிர். லொறியிலை ஜெனரேற்றர் ஓடும். அதுக்குப் பக்கத்திலை நிண்டால் சூடு. படத்தைப் பிறகுதான் கவனிச்சனான்."

அவர்களை அங்கே அனுப்பிய தலைவர் செத்து, கட்டுப்பாடு தளர்ந்த பிறகு மொஸ்கோ திரைப்படக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். ஜெர்மன் குடும்பப் பெயரைப் பார்த்து மறுத்தார்கள். மறுபடி விண்ணப்பித்தார். மறுபடி மறுத்தார்கள். கலியாணம் கட்டினால் ரஷ்யப் பெயர் கிடைக்கும், வழி திறக்கும் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். அவர் கலியாணம் கட்டினார், பெயரை மாற்றவில்லை. "புருசன் நல்ல ஆள். எண்டாலும் பேர் அவரின்ரை. எனக்கு என்னத்துக்கு?" கடைசியில் ஒரு வயதான பேராசிரியர் அவருக்காக அடம்பிடித்து உள்ளே எடுத்தாராம்.

சில ஆவணப்படங்களுக்குப் பிறகு அந்தக் கதைப்படம். வெட்டவெளி நிலையத்தில் தண்ணீர் இறைக்கும் ஒரு பெண். டீசல் எஞ்சின்கள் வருகின்றன, தண்ணீர் தேவையில்லை, நிலையத்தை மூடுகிறார்கள். புது நகரத்தில் வீடு தருகிறோம், வா என்கிறார்கள். எல்லோரும் போகிறார்கள். அவள் போகவில்லை. அதிகாரிகள் லொறியோடு வந்து நிற்க, அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்துகிறாள். தாழ்ப்பாள் விழும் சத்தம். அவ்வளவுதான். ஜெர்மன் என்ற சொல்லோ நாடுகடத்தல் என்ற சொல்லோ படத்தில் எங்கும் இல்லை. ஆனால் படத்தைப் பார்த்த தணிக்கைக் குழுவினருக்கு விளங்கிவிட்டது. அவள் லொறியில் ஏறவேண்டும் என்றார்கள். சிரித்துக்கொண்டு ஏறவேண்டும்.

"ஏலாது எண்டனான். ஒரு முறை கொண்டுபோன சனம். பிறகும் சிரிச்சுக்கொண்டு ஏறோணுமோ?"

நடித்த பெண்ணும் மறுத்துவிட்டார். அதனால் வேறொரு இயக்குநரைக் கொண்டு, வேறொரு பெண்ணுக்குத் தலையில் அதே துணியைக் கட்டி, முதுகுப் பக்கமாகவே எடுத்து ஒட்டினார்கள். லொறி, கோதுமை வயல், வாத்திய இசை. எல்லாவற்றுக்கும் மேலே இவருடைய பெயர். இவ்வளவும் செய்துவிட்டு, அந்தப் படத்தையும் வெளியிடவில்லை. அலமாரித் தட்டில் தூக்கி வைத்துவிட்டார்கள்.

அதன் பிறகு அவருக்குக் கிடைத்ததெல்லாம் பயிற்சிப் படங்கள். பால் கறக்கும் இயந்திரத்தைக் கழுவுவது எப்படி. ரயர் மாற்றுவது எப்படி. ஏணியில் பத்திரமாக ஏறுவது எப்படி. ஏணிப் படத்தைப் பற்றிப் பேசும்போது அவர் முகம் மலரும். பெயின்ற் அடிக்கும் ஒரு பெண் ஏணி உச்சிக்கு ஏறியதும் வேலையை மறந்து நகரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாளாம், நீண்ட நேரம். "தொழிற்சாலை ஆக்கள் முடிவு மட்டும் பாக்கேல்லை. அதாலை தப்பிச்சுது. அதுதான் என்ரை ரெண்டாவது கதைப்படம்."

கெடுபிடி குறைந்த வருடங்களில் தட்டில் கிடந்த படங்களை இறக்கினார்கள். இவருடையதும் வந்தது. பாராட்டினார்கள், பூக்கொத்துக் கொடுத்தார்கள். முடிவை வெட்டுங்கள் என்று மேடையிலேயே கேட்டார். பார்க்கலாம் என்றார்கள். பார்ப்பதற்கிடையில் நாடே இல்லாமல் போய்விட்டது. கணவரும் இறந்து, அவர் வேலை செய்த ஸ்ரூடியோ கதிரை, மேசை அடுக்கும் களஞ்சியமாகிய பிறகு ஜெர்மனிக்கு வந்தார். அங்கே அவரை ஜெர்மன்காரி என்று துப்பினார்கள். இங்கே ரஷ்யன் என்றார்கள். என் மனைவியே அப்படித்தான் சொன்னாள்.

"இஞ்சருங்கோ, ரஷ்யன் அன்ரி உங்களைக் கேட்டு வந்தவ."

"அவ ரஷ்யன் இல்லையப்பா."

"ரஷ்ய பாசை கதைக்கிறா. பிறகு?"

"நாங்கள் ஜெர்மன் கதைக்கிறம். நாங்கள் ஜெர்மன்காரரோ?"

அதற்குப் பிறகு அவள் கெல்லர் அன்ரி என்று மாற்றிக்கொண்டாள்.

டிவிடி முடிந்து கொஞ்ச நாளில் நகரத்துத் திரைப்படச் சங்கம் அவரைத் தேடி வந்தது. அதன் தலைவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், நல்ல மனிதர்தான். இப்படி ஒருவர் எங்கள் நகரத்தில் இருக்கிறாரா என்று மெய்யாகவே மகிழ்ந்தார். ஒரு காப்பகத்திலிருந்து பெரிய பிலிம் பிரதியே வரவழைப்பதாகச் சொன்னார். முடிந்ததும் கலந்துரையாடல். அதைப் பதிவுசெய்ய ஒருவர் வேண்டும் என்றபோது, மூன்றாம் மாடி மனிசி என்னைக் காட்டினார்.

படம் வரும் என்றதும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "கதவு சாத்தினதும் நிப்பாட்டுங்கோ."

தலைவர் சங்கடப்பட்டார். காப்பகத்தோடு ஒப்பந்தம் இருக்கிறது, முழுமையாகத்தான் காட்டவேண்டும் என்றார். பிறகு, "அந்த முடிவைக் காட்டினால்தான் உங்களுக்கு என்ன செய்தார்கள் என்று மக்களுக்குப் புரியும். அது ஒரு வரலாற்றுச் சான்று" என்றார்.

"எனக்கு அடிச்ச அடியைக் காட்டோணுமெண்டால் வேறை நாள் காட்டுங்கோ. நான் வந்து சொல்லுறன், கேளுங்கோ. அதுக்கு என்ரை படத்தைப் பாவிக்காதையுங்கோ."

வெகு நேரம் பேசினார்கள். கடைசியில் தலைவர், "சரி, பார்க்கலாம்" என்று தலையசைத்தார். அவருக்கு அது ஒரு மரியாதைச் சொல். இவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அன்று மண்டபம் நிறைந்திருந்தது. எங்கள் கட்டடத்திலிருந்தும் சிலர் வந்திருந்தார்கள். என் மனைவி அரைமனதோடு வந்தாள். "எனக்கு ஒண்டும் விளங்கப்போறேல்லை, அவ கூப்பிட்டா எண்டுதான் வாறன்." கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓரத்தில் உட்கார்ந்தாள். நான் பக்கச் சுவரோடு கமராவை நிறுத்தியிருந்தேன். அவர் முன்வரிசையில்.

கசெற்றில் பலமுறை பார்த்த படம்தான். பெரிய திரையில் அது வேறாக இருந்தது. அந்த வெட்டவெளியில் காற்று எவ்வளவு என்று அன்றுதான் தெரிந்தது. அந்தப் பெண் உள்ளே போனாள். கதவு சாத்தியது. தாழ்ப்பாள் விழுந்தது. திரை ஒரு கணம் இருண்டது.

விளக்கு எரியவில்லை. வாத்திய இசை தொடங்கியது. லொறி வந்தது.

அவர் எழுந்தார். மேடைப் படியில் ஏறித் திரைக்கு நடுவில் போய், எங்களைப் பார்த்து நின்றார். புரொஜெக்டர் வெளிச்சம் முகத்தில் அடித்தது. கோதுமை வயல் அவருடைய நெற்றியில் அசைந்தது. ஆனால் குள்ளமான மனிசி. திரை பெரிது. அவரால் அதில் ஒரு மூலையைக்கூட மறைக்க முடியவில்லை. பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். அவர் அந்தச் சாம்பல் கோட்டைக் கழற்றினார். இரண்டு கையாலும் விரித்து, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்.

"தயவுசெய்து உட்காருங்கள்" என்று தலைவர் இருட்டில் கூப்பிட்டார்.

"படம் முடிஞ்சுது! நிப்பாட்டுங்கோ! இது என்ரை இல்லை!"

சிலர் விசிலடித்தார்கள். ஒருவர் கைதட்டினார். ஒரு தம்பதி எழுந்து வெளியே போனார்கள். புரொஜெக்டர் ஓடிக்கொண்டே இருந்தது. அவருடைய கைகள் சோர்ந்துவிட்டன. கோட்டு மெல்லக் கீழே இறங்கியது. அப்போது ஓரத்தில் கதிரை ஒன்று மடிந்து விழும் சத்தம் கேட்டது. பார்த்தால் என் மனைவி. யாரையும் பார்க்காமல் நேராக மேடைக்குப் போனாள். தன் கோட்டைக் கழற்றினாள். அவருக்குப் பக்கத்தில் நின்று விரித்துத் தூக்கினாள். அவள் உயரமானவள். லொறியில் ஏறிக்கொண்டிருந்த அந்தப் பொய்ப் பெண் கோட்டுக்குள் காணாமல் போனாள்.

எனக்கும் போகவேண்டும் போல இருந்தது. ஆனால் நான் கமராவை விட்டு அசையவில்லை. இது பதிவாகவேண்டும் என்று மட்டும் தெரிந்தது. என் தொழிலில் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு கவனமாக ஒரு காட்சியை எடுத்ததில்லை. இசை நின்று, வெளிச்சம் வெறும் வெள்ளையாகும் வரை இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள்.

வீடு வரும் வழியில் பஸ்ஸில் மனைவியைக் கேட்டேன், ஏன் எழும்பினாய் என்று.

"பின்னை என்ன? வயசுபோன மனிசி தனிய நிண்டு கத்துறா, எல்லாரும் இருந்து பாக்கினம். உங்களுக்குக் கமரா இருந்துது. எனக்குக் கோட்டு இருந்துது."

அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ உள்ளூர்ப் பத்திரிகையில் சின்னதாகச் செய்தி வந்தது. வயதான இயக்குநர் மனக்குழப்பத்தில் திரைக்கு முன்னால் போய்விட்டாராம். வெளிநாட்டுப் பெண் ஒருவர் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிச்செல்ல முயன்றாராம். அவர் அந்தத் தாளைக் கையில் கசக்கிக்கொண்டு கெல்லருக்கு வந்தார். நான் அவரை அப்படிக் கோபமாகப் பார்த்ததில்லை.

"அங்கை என்னைத் துரோகி எண்டவை. அது பரவாயில்லை. துரோகி எண்டால், என்ன செய்யிறன் எண்டு தெரிஞ்சு செய்தனான் எண்டு அர்த்தம். இஞ்சை என்னை விசரி ஆக்கினம்!"

என் மனைவிக்கும் கோபம்தான். "கூட்டிக்கொண்டு போக வந்தனானாம்! நான் மறைக்க வந்தனான்!"

அந்தக் கிழமையே தலைவர் என்னிடம் வந்தார். கலந்துரையாடல் நடக்கவில்லை, ஆனால் தொடக்க உரை, கூட்டம் எல்லாம் பதிவில் இருக்கின்றன, உதவி தந்த நகரசபைக்கு அதை அனுப்பவேண்டும். "கடைசிப் பகுதியை மட்டும் எடுத்துவிடுங்கள். அவருடைய மரியாதைக்காகத்தான் சொல்கிறேன். அந்தக் கோலத்தில் அவரை யாரும் பார்க்க வேண்டாம்."

எத்தனையோ குடும்பங்கள் என்னிடம் அதை வெட்டு, இதை வெட்டு என்று சொல்லியிருக்கிறார்கள். வெட்டியும் கொடுத்திருக்கிறேன், அது அவர்கள் வீட்டுக் கலியாணம். இது அப்படியல்ல.

"அந்தப் பகுதிதான் அண்டைக்கு நடந்தது. மிச்சம் எல்லாம் கதிரை அடுக்கினது" என்றேன். என் ஜெர்மனில் அது எவ்வளவு முரடாக விழுந்ததோ தெரியாது. அவர் முகம் சிவந்தது.

"நாங்கள் உங்களை வேலைக்கு அமர்த்தினோம்."

"ஓம். வெட்டாமல் தந்தால் எடுங்கோ. வெட்டித் தரமாட்டன்."

அவர் எடுக்கவில்லை. சங்கம் என்னை மறுபடி கூப்பிடவும் இல்லை. நான் வாசலில் நின்று அவர் படியேறிப் போவதைப் பார்த்தேன். நெஞ்சில் பாரம் இல்லை.

படத்தை நாங்களே காட்டுவோம் என்று சொன்னது மனைவிதான். ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளி நடக்கும் கத்தோலிக்கக் கோவில் மண்டபம். வகுப்பு முடிந்தபின் வாடகைக்குக் கேட்டோம். ஜெர்மன் பங்குத் தந்தை சாவியைக் கொடுத்தார். சோவியத் பக்கத்திலிருந்து வந்த மூன்றாம் மாடி, நாலாம் மாடிக்காரர் தங்கள் ஆட்களைக் கூட்டி வந்தார்கள். எங்கள் ஆட்கள் பிள்ளைகளை எடுக்க வந்தவர்கள் அப்படியே இருந்தார்கள். ஒரு பக்கம் வடை, மறுபக்கம் முட்டைக்கோஸ் பூரணம் வைத்த அவர்களுடைய ரொட்டி. வெள்ளை வேட்டி ஒன்றைச் சுவரில் கட்டினேன். காப்பக ஒப்பந்தம், உரிமை எதையும் நாங்கள் யாரிடமும் கேட்கவில்லை. அவருடைய படத்தைக் காட்ட அவரிடம் கேட்டோம். அது போதும் என்று அன்றைக்கும் நினைத்தேன். இன்றைக்கும் அதே எண்ணம்தான்.

முதலில் என் பதிவை ஓட்டினேன். திரைக்கு முன்னால் நின்று அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. விசரி என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. பிறகு படம். கசெற்றிலிருந்து எடுத்தது, மங்கல்தான். கதவு சாத்தியது. தாழ்ப்பாள் விழுந்தது. விளக்கைப் போட்டேன்.

பிறகு முன்வரிசையில் ஓர் அக்கா கை உயர்த்தினார். எங்கள் ஊரில் வலிகாமம் பக்கத்தவர். அவருடைய வீடு இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டுக் கிடந்தது. போர்நிறுத்தத்தில் ஊருக்குப் போய், முட்கம்பிக்கு வெளியே நின்று கூரையைத் தேடிவிட்டு வந்திருந்தார்.

"தம்பி, அவவைக் கேளுங்கோ. பிறகு அந்த வீட்டை இடிச்சவையோ?"

நான் ஜெர்மனில் கேட்டேன். அவர் அந்த அக்காவின் பக்கம் திரும்பினார்.

"இடிக்கிறதுக்கு வந்திருப்பினம். அதை நான் படம் பிடிக்கேல்லை. இடிக்கிறவைக்கு என்ரை படத்திலை இடமில்லை எண்டு சொல்லும்."

சொன்னேன். அக்கா தலையை ஆட்டினார். "அது சரி" என்றார். பெண்கள் தேத்தண்ணீர் ஊற்றத் தொடங்கினார்கள். அவர் அந்த அக்காவுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அக்காவின் ஜெர்மன் என்னுடையதைவிட மோசம். மண்டபத்தைப் பூட்டும் வரை இருவரும் எதையோ கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் இன்னும் சில வருடங்கள் இருந்தார். இடையில் சங்கத்துக்குப் புதுத் தலைவராக ஓர் இளம் பெண் வந்து, பழையதை மறந்து அந்தப் படத்தை மறுபடி காட்ட விரும்புவதாக வீட்டுக்கு வந்து கேட்டார். அன்று நானும் அங்கே இருந்தேன். கதவோடு நிப்பாட்டினால் வாறன் என்றார் இவர். காப்பகம் விடாது என்றார் அந்தப் பெண். அப்படியென்றால் வேண்டாம் என்று இவர் கேக்கை வெட்டி அவர் பக்கம் தள்ளினார்.

"ஆனால் உங்கள் படத்தை இந்த நகரத்தில் யாரும் பார்க்கவே முடியாமல் போய்விடுமே!"

"பாத்தவை இருக்கினம்" என்றார். "கேக்கைச் சாப்பிடும்."

அவர் உயிரோடு இருந்தவரை அந்தப் படம் அந்த நகரத்தில் வேறெங்கும் காட்டப்படவில்லை. அதை நினைத்து அவர் வருந்தினார் என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். அவர் வருந்தவில்லை.